எதில் எத்தனை? காணி, வீடு, நெல், கடன் கணக்குகளில் பின்னமும் வீதமும்

(மீள்குடியேறும் குடும்பங்களுக்கான தகவல் கூட்டமொன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



இன்று நாங்கள் கணக்குப் பற்றிக் கதைக்கப் போகிறோம். கணக்கு என்றதும் யாரும் பின்வரிசைக்குப் போகவேண்டாம். இங்கே சோதனை இல்லை, புள்ளி இல்லை. இடப்பெயர்வுக்குள் ஆறாம் ஏழாம் வகுப்போடு படிப்பு நின்றவர்கள் இங்கே பலர் இருப்பீர்கள். இந்தக் கணக்குக்கு அந்தப் படிப்பே போதும்.

ஊருக்குத் திரும்பிய பிறகு உங்கள் கைக்கு வரும் கடதாசிகளை ஒருமுறை எடுத்துப் பாருங்கள். காணி உறுதி, வீட்டுத்திட்டப் படிவம், வங்கிப் புத்தகம், நெல் விற்ற துண்டு, கடன் விண்ணப்பம். ஒவ்வொன்றிலும் எங்கோ ஓரிடத்தில் ஒரு பின்னமோ ஒரு வீதமோ இருக்கும். காசு கூடுவதும் குறைவதும் பெரும்பாலும் அந்த ஓரிடத்தில்தான். அங்கே நீங்கள் கேட்கவேண்டிய கேள்வி ஒன்றே ஒன்று. "கால்" என்று சொன்னால், எதில் கால்? "பத்து வீதம்" என்று சொன்னால், எதில் பத்து வீதம்? நான் இன்று சொல்லப்போவது எல்லாம் இந்த "எதில்" என்ற கேள்வியைச் சுற்றித்தான்.

இந்த உரையில் வரும் தொகைகள் கணக்குக் காட்டுவதற்காக எடுத்தவை. உங்களுக்கு உரிய உதவித்தொகை எவ்வளவு என்பதைக் கிராம அலுவலரிடமோ பிரதேச செயலகத்திலோ கேட்டு அறியுங்கள்.

காணியும் பங்கும்

எங்கள் பெரியவர்களுக்குப் பின்னம் புதிதல்ல. அரை, கால், முக்கால், அரைக்கால், வீசம் என்று ஒவ்வொன்றுக்கும் பெயர் வைத்திருந்தார்கள். காலில் பாதி அரைக்கால், அதாவது எட்டில் ஒன்று. அரைக்காலில் பாதி வீசம், பதினாறில் ஒன்று. ஓர் ஏக்கர் 160 பேர்ச். ஒரு நெற்பரப்பு 10 பேர்ச். ஆகவே 16 பரப்பு சேர்ந்தால் ஓர் ஏக்கர்; ஒரு பரப்பு என்பது ஏக்கரில் வீசம். கால் ஏக்கர் என்றால் 4 பரப்பு, 40 பேர்ச்.

பின்னத்தை எழுதும்போது கீழே உள்ள எண், முழுதை எத்தனை சம பங்காக வெட்டினோம் என்று சொல்கிறது. அதைப் பள்ளிக்கூடத்தில் பகுதியெண் என்பார்கள். மேலே உள்ளது தொகுதியெண்; அந்தப் பங்குகளில் நாம் எடுத்தது எத்தனை என்று சொல்கிறது. 3/4 என்றால் நாலாக வெட்டி மூன்றை எடுத்தது. கீழ் எண் பெரிதாகப் பெரிதாகத் துண்டு சிறிதாகும். ஒரு இறாத்தல் பாணை 6 பேர் பகிர்ந்தால் கிடைக்கும் துண்டு, 8 பேர் பகிர்ந்தால் கிடைப்பதிலும் பெரிது. நிவாரண வரிசையில் நின்றவர்களுக்கு இதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

இப்போது ஒரு காணியை எடுப்போம். தாத்தாவின் காணி 12 பரப்பு. அவருக்கு மூன்று பிள்ளைகள். சமமாகக் கொடுத்தால் ஆளுக்கு 1/3, அதாவது 4 பரப்பு. அதில் ஒரு மகள் தன் பங்கைத் தன் இரண்டு பிள்ளைகளுக்குச் சமமாக எழுதுகிறார். அந்தப் பிள்ளைகளின் உறுதியில் என்ன வரும்? "1/2" என்று எதிர்பார்ப்பவர்கள் உண்டு. தாயின் பங்கில் அது 1/2 தான். முழுக் காணியில் அது மூன்றிலொன்றில் பாதி, 1/6. பரப்பில் சொன்னால் 2 பரப்பு. உறுதியில் எழுதுவது பெரும்பாலும் முழுக் காணியில் உள்ள பங்கு. ஆகவே 1/6 என்று கண்டதும் யாரோ உங்களைக் குறைத்துவிட்டார்கள் என்று சண்டைக்குப் போகாதீர்கள். முதலில் "எதில் ஆறிலொன்று?" என்று அட்டவணையைப் பாருங்கள்.

அந்தப் பங்குக்கு முன்னால் "பிரிக்கப்படாத" என்ற சொல் இருக்கிறதா என்றும் பாருங்கள். இருந்தால், காணியின் ஒவ்வொரு மூலையிலும் உங்களுக்கு ஆறிலொன்று உரிமை உண்டு என்றுதான் பொருள். கிணற்றடியில் உள்ள 2 பரப்பு உங்களுடையது என்று பொருள் இல்லை. எல்லை போட்டு வேலி அடைக்கு முன்னும், உதவி வீட்டுக்கு இடம் காட்டு முன்னும், மற்றப் பங்காளிகளின் சம்மதத்தை எழுத்தில் எடுப்பது நல்லது. அவர்களில் சிலர் வெளிநாட்டில் இருக்கலாம், சிலர் இன்று இல்லாமலும் போயிருக்கலாம். அந்தச் சிக்கலுக்குச் சட்ட உதவி வேண்டும். கணக்கு அங்கே உதவாது.

பங்குகளைக் கூட்டும்போதும் கவனம் வேண்டும். ஒருவருக்குத் தாய்வழியில் 1/3 வந்தது. மாமாவிடமிருந்து 1/4 ஐ விலைக்கு வாங்கினார். மேலும் கீழும் தனித்தனியே கூட்டி 2/7 என்று எழுதினால் பெரும் பிழை. 12 பரப்பில் 1/3 என்பது 4 பரப்பு, 1/4 என்பது 3 பரப்பு. மொத்தம் 7 பரப்பு, அதாவது 7/12. அவருக்கு இருப்பது காணியில் பாதிக்கு மேல். 2/7 என்றால் மூன்றிலொன்றிலும் குறைவு. வாங்கிய பிறகு பங்கு குறையுமா? விடை நியாயமாக இருக்கிறதா என்று இப்படித் தட்டிப் பார்க்கும் பழக்கம் பெருக்கல் வாய்ப்பாட்டை விடப் பெறுமதியானது.

குழிக் கணக்கையும் சொல்லிவிடுகிறேன். பழைய உறுதிகளில் "நெற்பரப்பு 2 குழி 9" என்று இருக்கும். ஒரு நெற்பரப்புக்கு 18 குழி. ஆகவே 9 குழி அரைப் பரப்பு. மொத்தம் இரண்டரைப் பரப்பு, 25 பேர்ச். இதைக் கல்குலேற்றரில் 2.9 என்று அடித்தால் 29 பேர்ச் வரும். அந்த 4 பேர்ச் வேலிச் சண்டையாகும். வரகுப் பரப்பு என்று எழுதியிருந்தால் கணக்கு வேறு. அதை நில அளவையாளரிடம் காட்டுங்கள்.

வீதம் என்பது சதம்

25 சதக் குற்றி உங்கள் எல்லோருக்கும் நினைவிருக்கும். கால் ரூபா அது. 50 சதம் அரை ரூபா. ரூபாவை நூறாக வெட்டினால் ஒரு துண்டு ஒரு சதம். சதவீதம் என்பதும் இதுவேதான்: எந்தப் பொருளானாலும் நூறு துண்டாக வெட்டி, அதில் எத்தனை துண்டு என்று சொல்வது. 25 வீதம் கால், 50 வீதம் அரை, 75 வீதம் முக்கால், 20 வீதம் ஐந்திலொன்று.

மனத்தால் செய்ய ஒரு வழி. 10 வீதம் தெரிந்தால் மற்றதெல்லாம் வரும். 10 வீதத்துக்கு ஒரு பூச்சியத்தை எடுத்துவிடுங்கள். 48,000 இல் 10 வீதம் 4,800. அதில் பாதி 5 வீதம், 2,400. இரண்டையும் கூட்டினால் 15 வீதம், 7,200. 1 வீதம் வேண்டுமென்றால் இரண்டு பூச்சியத்தை எடுங்கள்: 480. போன் சார்ஜ் இல்லாத இடத்திலும் இந்தக் கணக்கு நடக்கும்.

கடையில் ஒரு விளையாட்டு உண்டு. 1,000 ரூபா கூரைத்தகடு 20 வீதம் விலை ஏறி 1,200 ஆனது. பிறகு "20 வீதம் கழிவு" என்று மட்டை தொங்குகிறது. பழைய விலைக்கு வந்துவிட்டது என்று நினைப்பீர்கள். 1,200 இல் 20 வீதம் 240. இப்போது விலை 960. ஏறியபோது ஆயிரத்தில் 20, இறங்கியபோது ஆயிரத்து இருநூறில் 20. இங்கே லாபம் உங்களுக்கு. எல்லா இடத்திலும் அப்படி இருக்காது.

வீடு கட்டும்போது

இந்திய வீட்டுத்திட்டத்தில் ஒரு புது வீட்டுக்குக் கொடுத்த தொகை 550,000 ரூபா. உதாரணத்துக்கு அந்தத் தொகையையே எடுப்போம். நான்கு கட்டமாக 20, 30, 30, 20 வீதம் கிடைக்கிறது என்று வைத்துக்கொள்வோம். உங்கள் திட்டத்தில் பிரிப்பு வேறாக இருக்கலாம். முதற் கட்டம் 110,000. அத்திவாரத்துக்கு 140,000 முடிந்துவிட்டது. மேசன், "அம்மா, முழு வீட்டிலை பார்த்தா அஞ்சு வீதம்தான் கூட" என்கிறார். அவர் சொல்வது சரி: 550,000 இல் 30,000 என்பது ஐந்தரை வீதத்துக்குச் சற்றுக் குறைவு. ஆனால் உங்கள் கையில் 550,000 இல்லை. கையில் வந்தது 110,000. அதில் 30,000 என்பது 27 வீதம். அடுத்த கட்டக் காசு, தொழில்நுட்ப உத்தியோகத்தர் வந்து பார்த்து உறுதிப்படுத்திய பிறகுதான் வரும். அதுவரை அந்த 27 வீதத்தை யாரிடமோ கடனாக வாங்கவேண்டும். பல வீடுகளில் கடன் தொடங்குவது இந்த அத்திவாரத்திலேயே.

இன்னொன்று, "ரெண்டடி கூட்டிக் கட்டுவம்" என்ற ஆசை. ஆசை நியாயமானது, பத்து வருடம் தறப்பாளுக்குக் கீழ் இருந்தவருக்குக் கொஞ்சம் அகலமான அறை வேண்டும்தானே. கணக்கை மட்டும் பார்ப்போம். வரைபடத்தில் வீடு 25 அடிக்கு 20 அடி, 500 சதுர அடி. இரண்டு பக்கமும் 2 அடி கூட்டினால் 27 க்கு 22, 594 சதுர அடி. நீளத்தில் கூடியது 8 வீதம், அகலத்தில் 10 வீதம். பரப்பளவில் கூடியது 94 சதுர அடி. 500 இல் அது கிட்டத்தட்ட 19 வீதம். நிலத்துக்கும் கூரைக்கும் செலவு அந்த 19 வீதத்தின் வழியில் போகும். வெளிச்சுவரின் சுற்றளவு 90 அடியிலிருந்து 98 அடியாகிறது, சுமார் 9 வீதம். ஆகவே மொத்தச் செலவு 9 க்கும் 19 க்கும் இடையில் ஏறும். 550,000 ரூபா வீட்டில் இது ஐம்பதாயிரத்துக்கும் ஒரு லட்சத்துக்கும் இடைப்பட்ட தொகை. உதவித்தொகை ஒரு சதமும் கூடாது. இந்தக் கணக்கைப் போட்ட பிறகும் கட்டுவோம் என்று நீங்கள் முடிவெடுத்தால் அது உங்கள் உரிமை. அத்திவாரம் வெட்டு முன் போடுங்கள் என்பதுதான் என் வேண்டுகோள்.

நெல்லும் நகையும்

நெல் சந்தைப்படுத்தும் சபை நெல்லுக்கு வைத்திருக்கும் ஈரப்பதன் எல்லை 14 வீதம். உங்கள் நெல் 20 வீத ஈரப்பதனில் 1,000 கிலோ இருக்கிறது. வியாபாரி ஈரத்துக்கு எவ்வளவு கழிக்கலாம்? 20 இல் 14 போக 6, ஆகவே 60 கிலோ என்று சொல்லத் தோன்றும். சரியான விடை 70. ஆயிரத்தில் 200 கிலோ தண்ணீர், 800 கிலோ தண்ணீரில்லாத நெல். காய்ந்த பிறகும் அந்த 800 மாறாது. ஆனால் இப்போது அது புது நிறையின் 86 வீதம். 800 ஐ 86 ஆல் பிரித்து நூறால் பெருக்கினால் 930. குறைந்தது 70 கிலோ. 50 கிலோ மூட்டைக்கு மூன்றரைக் கிலோ. மூட்டைக்கு 5 கிலோ கழித்தால் அது 10 வீதம். ஏன் என்று கேட்க உங்களுக்கு இடமுண்டு. வெய்யிலும் சீமெந்துக் களமும் இருந்தால் நீங்களே காயவைத்து விற்பது இன்னும் நல்லது.

நகைக்கு வருவோம். சுத்தத் தங்கம் 24 கரட். 22 கரட் என்றால் 24 பங்கில் 22 பங்கு தங்கம், சுருக்கினால் 11/12, வீதத்தில் 91.6. நகையில் 916 என்று குத்தியிருப்பது இதுதான். 8 கிராம் பவுண் ஒன்றில் சுத்தத் தங்கம் சுமார் 7.33 கிராம். 21 கரட் என்றால் 7/8, சரியாக 7 கிராம். அடகு வைக்கும் இடத்தில் "பெறுமதியில் இத்தனை வீதம் தருவோம்" என்பார்கள். எந்தப் பெறுமதி? அன்றைய சந்தை விலையா, அவர்கள் தாங்களே வைத்த விலையா? இரண்டு இடத்தில் கேட்டுவிட்டு நகையைக் கழற்றுங்கள்.

கடன்

இனி நான் சற்று மெதுவாகச் சொல்கிறேன். நீங்களும் கொப்பியில் எழுதிக்கொள்ளுங்கள்.

ஊரில் "அஞ்சு வட்டி" என்றால் நூற்றுக்கு மாதம் 5 ரூபா. வங்கியில் "12 வீதம்" என்றால் நூற்றுக்கு ஆண்டுக்கு 12 ரூபா. 12 ஐ விட 5 சிறிது என்று நினைத்துக் கையொப்பம் வைப்பவர்கள் இருக்கிறார்கள். 50,000 ரூபாவுக்குக் கணக்குப் பார்ப்போம். அஞ்சு வட்டியில் மாதம் 2,500, ஆண்டுக்கு 30,000. முதல் அப்படியே நிற்கிறது. அது ஆண்டுக்கு 60 வீதம். 12 வீதத்தில் ஆண்டுக்கு 6,000. ஐந்து மடங்கு வித்தியாசம். ஆகவே கடனில் "எதில்" என்பதோடு "எத்தனை நாளுக்கு" என்றும் கேட்கவேண்டும். மாதமா, வாரமா, நாளா? மீற்றர் வட்டி என்று ஊரில் சொல்வது நாட்கணக்கில் ஓடுவது. அதை ஆண்டுக்கு மாற்றிப் பார்த்தால் தலை சுற்றும்.

அடுத்தது, படித்தவர்களையும் ஏமாற்றும் இடம். ஒரு நிறுவனம் 60,000 ரூபா தருகிறது. 12 மாதத் தவணை, "ஆண்டுக்கு 24 வீதம்". அவர்கள் முழுக் கடனுக்கும் வட்டி போடுகிறார்கள்: 60,000 இல் 24 வீதம் 14,400. மொத்தம் 74,400. மாதம் 6,200. கணக்கு நேராகத் தெரிகிறது.

ஆனால் யோசியுங்கள். அந்த 60,000 ஆண்டு முழுவதும் உங்கள் கையில் இருந்ததா? மாதம் 5,000 முதலைத் திருப்பிக்கொண்டே வந்தீர்கள். முதல் மாதம் 60,000 இருந்தது, அடுத்த மாதம் 55,000, பிறகு 50,000, கடைசி மாதம் வெறும் 5,000. மீதியாக இருந்ததற்கு மட்டும் வட்டி போட்டிருந்தால் என்ன வரும்? 24 வீதம் ஆண்டுக்கு என்றால் மாதம் 2 வீதம். முதல் மாதம் 1,200, அடுத்து 1,100, பிறகு 1,000, கடைசி மாதம் 100. பன்னிரண்டையும் கூட்டினால் 7,800. அதே 24 வீதம்தான். ஒன்றில் 7,800, மற்றதில் 14,400. வித்தியாசம் 6,600 ரூபா. ஒரு முழுத் தவணையிலும் கூட. முழுக் கடனுக்கும் வட்டி போடும் அந்த 24 வீதத்தை, மீதிக்கு வட்டி போடும் வங்கியின் முறைக்கு மாற்றினால் 40 வீதத்துக்கும் மேல் வரும்.

இது களவு என்று நான் சொல்லவில்லை. படிவத்தில் எழுதித்தான் இருக்கும். ஆனால் அது உங்களுக்கு விளங்கும் மொழியில் இருக்காது. ஆகவே கேட்கும்போது நேராகக் கேளுங்கள்: "வட்டி எடுத்த முழுக் காசுக்கா, குறைந்து வரும் மீதிக்கா?" பதில் சுற்றிவளைத்து வந்தால் வேறு விதமாகக் கேளுங்கள்: "நான் மொத்தமாக எவ்வளவு கட்டுவேன்? இன்று என் கைக்கு எவ்வளவு வரும்?" பெரிய தொகையில் சிறிய தொகையைக் கழித்தால் கடனின் உண்மை விலை தெரியும். படிவக் கட்டணம், காப்புறுதி என்று 3 வீதத்தை முன்னாலேயே எடுத்துவிட்டால் உங்கள் கைக்கு வருவது 58,200. வட்டியோ 60,000 க்கு. அந்த 1,800 உம் கடனின் விலையில் சேரும்.

வாரத் தவணைக் கடன்களில் பெண்களைக் குழுவாகச் சேர்த்து ஒருவருக்கு ஒருவர் பிணை வைப்பார்கள். தங்கைமாரே, பக்கத்து வீட்டுக் கடனுக்கும் உங்கள் கையொப்பம் போகிறது. நாலு பேர் குழுவில் உங்கள் பங்கு கால் என்று நினைக்காதீர்கள். மற்ற மூவரும் கட்டமுடியாமல் போனால் முழுதும் உங்களிடம் கேட்கப்படலாம். படிவத்தில் அந்த வரி எப்படி எழுதியிருக்கிறது என்று ஒருவரைக் கொண்டு வாசிப்பியுங்கள். வீட்டில் பத்தாம் வகுப்புப் படிக்கும் பிள்ளை இருந்தால் அந்தப் பிள்ளையையே கூட்டிப்போங்கள். இந்தக் கணக்கு அவர்களின் பாடப்புத்தகத்தில் இருக்கிறது.

வீட்டில் செய்து பார்க்க

ஒன்று: உறுதியில் நெற்பரப்பு 3 குழி 6 என்று இருக்கிறது. எத்தனை பேர்ச்?

இரண்டு: 40,000 ரூபாவை "மூன்று வட்டி"க்கு எடுத்து 8 மாதத்தில் முதலும் வட்டியுமாக ஒரேயடியாகத் திருப்பினால் மொத்தம் எவ்வளவு? ஆண்டு வீதம் என்ன?

மூன்று: 20 வீதக் கழிவு போக ஒரு கதவின் விலை 1,840 ரூபா. கழிவுக்கு முன் என்ன விலை?

விடைகள். முதலாவது: 18 குழியில் 6 குழி மூன்றிலொன்று, மூன்றேமூன்றிலொரு பரப்பு, அதாவது 33 பேர்ச்சும் ஒரு பேர்ச்சில் மூன்றிலொன்றும். இரண்டாவது: மாதம் 1,200, எட்டு மாதத்துக்கு 9,600, மொத்தம் 49,600, ஆண்டுக்கு 36 வீதம். மூன்றாவது: 2,300 ரூபா. 1,840 ஓடு அதன் 20 வீதத்தைக் கூட்டி 2,208 என்று போட்டவர்கள், அந்த 20 வீதம் எந்த விலையில் கழிக்கப்பட்டது என்று திரும்பப் பாருங்கள். 1,840 என்பது பழைய விலையின் 80 வீதம். 80 ஆல் பிரித்தால் ஒரு வீதம் 23 ரூபா, நூறு வீதம் 2,300.